மொட்டை அடிக்கக் கூப்பிட்டார்கள்: அளவுக்கு மீறி முடி கொட்டிய ஒரு நாயின் 16 வாரங்கள்

பின்னணி

வீடு வீடாகப் போய் நாய்களைக் குளிப்பாட்டுவது, முடி சீவுவது, நகம் வெட்டுவது என் தொழில். 11 வருடமாகச் செய்கிறேன். நான் கால்நடை மருத்துவர் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விவகாரத்தில் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டது நான் இல்லை, மருத்துவர்தான். வீட்டாரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் எதுவும் வராது.

நாய் ஒரு பெண் ஜெர்மன் ஷெப்பர்ட், 6 வயது, 27 கிலோ. குட்டியாக வந்ததிலிருந்து அதே வீட்டில்தான் இருக்கிறது. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு மகள், கணவரின் அம்மா, அப்புறம் உள்ளே வெளியே என்று திரியும் ஒரு பூனை, இவ்வளவுதான் குடும்பம்.

மனைவிதான் போன் செய்தார். "அண்ணா, வந்து மொட்டை அடிச்சு விட்டுடுங்க, இதுக்கு மேல முடியாது" என்றார். ஆறு வாரமாக வீடு முழுக்க முடி. பெருக்கி முடித்துத் திரும்பினால் மறுபடியும் மூலையில் உருண்டு கிடக்கிறது. படுக்கையில், மகளின் சீருடையில், சாப்பிடும் தட்டில் எங்கும் முடி. மாமியார் ஒரு முடிவாகச் சொல்லிவிட்டாராம், முடி போகவேண்டும், இல்லையென்றால் நாய் போகவேண்டும் என்று. இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. முடி கொட்டுவது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சின்ன விஷயம். அதற்காகவே வளர்த்த நாயை யாரிடமோ கொடுத்துவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அதனால் மறுநாளே போனேன்.

முதல் நாள் பார்த்தது

போனதும் நான் சொன்னது, இந்த இனத்துக்கு இரட்டை முடி, மேலே நீளமான கொஞ்சம் முரட்டு முடி, அடியில் பஞ்சு மாதிரி அடர்ந்த முடி, வருடம் முழுக்க கொட்டும், பருவம் மாறும்போது இன்னும் அதிகமாகக் கொட்டும் என்பதுதான். எல்லா வீட்டிலும் சொல்வது. அவர் உடனே, "அது தெரியும் அண்ணா, ஆறு வருஷமா பார்த்துட்டு இருக்கோம். இது அந்த மாதிரி இல்லை" என்றார். அவர் சொன்னதுதான் சரி. தினமும் கூடவே இருப்பவர் "வழக்கமா இப்படி இல்லை" என்று சொன்னால், அதைவிடப் பெரிய தகவல் வேறு எதுவும் நமக்குக் கிடைக்காது. நான் அங்கேயே நின்று, என்ன வித்தியாசம், எப்போதிலிருந்து என்று குடைந்து கேட்டிருக்கவேண்டும். கேட்காமல் அந்த ஆறு வாரத்தில் என்னவெல்லாம் செய்தீர்கள் என்பதற்குப் போய்விட்டேன்.

அவர்கள் செய்தது நிறைய. வாரம் இரண்டு முறை குளியல், அதுவும் மனிதர்கள் போடும் ஷாம்பூவில். இரண்டு தடவை உணவை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், இரண்டாவது மாற்றத்தில் மலம் இளகி நான்கு நாள் அவதி. யாரோ சொன்னார்கள் என்று மீன் எண்ணெய், அளவெல்லாம் இல்லை, கரண்டியால் ஊற்றியிருக்கிறார்கள். முடிக்கு நல்லது என்று மனிதர்கள் சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை. அந்த டப்பாவை வாங்கி முதலில் படித்தேன், ஏனென்றால் மென்று தின்னும் இனிப்பு வகை மாத்திரைகள் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும், நாய்களுக்கு அது விஷம். நல்லவேளை, இதில் இல்லை.

இவற்றோடு ஒரு கருவி. அடிமுடியை இழுத்து எடுக்கும், பல்லுள்ள உலோகத் தகடு பொருத்திய பிரஷ். கணவர் தினமும் இரவு அரை மணி நேரம் அதை வைத்து இழுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் கைப்பை நிறைய முடி வந்ததால், வேலை நடக்கிறது என்று நம்பியிருக்கிறார்.

நாயைப் படுக்கவைத்து முகத்திலிருந்து வால் வரை கையால் தடவிப் பார்த்தேன். தொடை, விலா, காதுக்குப் பின்புறம் எல்லா இடத்திலும் இரண்டு விரலால் லேசாக இழுத்தாலே கொத்தாக வந்தது. ஆனால் எங்கும் வழுக்கை இல்லை. உடம்பு முழுக்கச் சீராக மெலிந்திருந்தது, அவ்வளவுதான். முதுகில் மேல்முடி பாதியில் அறுந்து நுனி மழுங்கிக் கிடந்தது, அது அந்தத் தகடு செய்த வேலை. அப்படிப்பட்ட கருவி அடிமுடியை மட்டும் எடுப்பதில்லை, அழுத்தி அடிக்கடி இழுத்தால் மேல்முடியையும் அறுத்துவிடும். தோல் வறண்டு செதில் செதிலாகப் பொடுகு. வயிற்றில் ஒரு கையகல இடத்தில் மட்டும் முடி குட்டையாகவும் மிருதுவாகவும் இருந்தது. அதைப் பார்த்தேன், ஏன் என்று கேட்கவில்லை.

வாலடிதான் தனியாகத் தெரிந்தது. அங்கே முடி நக்கியும் கடித்தும் உடைந்து, தோல் சிவந்திருந்தது. அந்த இடத்தில் நெருக்கமான சீப்பால் சீவி, விழுந்த கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைக் காகிதத்தில் தட்டினேன். ஒரு நிமிடத்தில் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவியது. மண்ணாக இருந்தால் அப்படிப் பரவாது. அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். "ஒரு பூச்சி கூட நாங்க பார்த்ததே இல்லையே" என்றார்கள். உண்மைதான், இவ்வளவு அடர்ந்த முடிக்குள் பார்ப்பது கஷ்டம், அதோடு சில நாய்களுக்குத் தெள்ளின் எச்சில் ஒவ்வாது, அவற்றுக்கு நாலு கடி போதும் வாலடியை உரித்துக்கொள்ள.

அன்று எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, மொட்டை அடிக்கமாட்டேன் என்பது. இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசவேண்டியிருந்தது. இரட்டை முடி நாய்க்கு அந்த முடிதான் வெயிலிலிருந்தும் குளிரிலிருந்தும் காப்பு. மழித்துவிட்டால் தோல் நேரடியாக வெயிலில் காயும். உதிர்வதும் நிற்காது, நீளமாக விழுந்தது குட்டையாக விழும், துணியில் ஊசி மாதிரி குத்திக்கொண்டு எடுக்க வராது. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்த வகை நாய்கள் சிலவற்றில் ஒட்ட வெட்டியபின் முடி திரும்ப முளைக்கவே பல மாதம் ஆகும், சிலவற்றுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும், வந்தாலும் பழைய மாதிரி வராமல் போகலாம். ஏற்கெனவே ஏதோ காரணத்தால் முடி கொட்டிக்கொண்டிருக்கும் நாயை மழித்தால் எது நோய், எது நாம் செய்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல் போய்விடும்.

இரண்டாவது, செய்துகொண்டிருக்கும் எல்லாவற்றையும் நிறுத்துவது. எண்ணெய், மாத்திரை, தகடு, வாரம் இரண்டு குளியல், எல்லாம். உணவு வருடக்கணக்காக ஒத்துக்கொண்டிருந்த பழைய உணவுக்கே, ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து திரும்பவேண்டும். காரணம் எளிது. ஆறு வாரத்தில் ஏழு விஷயம் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்லமுடியாது. முடி வளர்வதும் விழுவதும் மாதக் கணக்கு, நாம் பொறுமை இழப்பது வாரக் கணக்கு. இந்த இரண்டும் பொருந்தாததால்தான் இப்படி மாற்றி மாற்றிச் செய்கிறோம்.

மூன்றாவது, மருத்துவரிடம் போகச் சொன்னது. தெள்ளுக்கு நானே ஏதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வீட்டில் பூனை இருக்கிறது. நாய்களுக்கான சில தெள்ளு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், நாய்க்குப் பிரச்சினை இல்லாத அந்த மருந்து பூனையின் உயிரையே எடுத்துவிடும். பூனை அந்த நாய் மேலேயே சுருண்டு தூங்குகிற வீட்டில் அதைக் கடைவாசலில் நின்று முடிவு செய்யக்கூடாது.

நான்காவது, முடியை எடை போடுவது. இது பாட்டிக்காக, அதாவது அந்த மாமியாருக்காக யோசித்தது. "நிறைய கொட்டுது", "குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வதால் சண்டைதான் வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், சரியாக 10 நிமிடம், ஒரே பிரஷ்ஷால் சீவவேண்டும். வந்த முடியைக் காகிதப் பையில் போட்டு வாரக் கடைசியில் சமையலறைத் தராசில் எடை பார்த்துத் தேதியோடு எழுதவேண்டும். நேரமும் பிரஷ்ஷும் மாறினால் கணக்குக்கு அர்த்தம் இல்லை. எடையை எழுதும் வேலையைப் பாட்டியே எடுத்துக்கொண்டார், தராசு அவருடையது என்பதால்.

மருத்துவர் கேட்ட கேள்வி

மூன்றாம் நாள் போனார்கள், என்னையும் வரச் சொன்னதால் நானும் போனேன். மருத்துவர் நாயைத் தொடும் முன்பே கேட்டார்: "போன மூணு நாலு மாசத்துல இவளுக்குப் பெருசா ஏதாவது உடம்பு சரியில்லாம போச்சா? காய்ச்சல், அறுவை, பிரசவம்?"

மனைவியும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 12 வாரத்துக்கு முன் கருப்பையில் சீழ் பிடித்து, கடும் காய்ச்சலோடு சாப்பிடாமல் கிடந்து, வேறொரு மருத்துவமனையில் அவசரமாகக் கருப்பையையும் சினைப்பையையும் எடுத்திருக்கிறார்கள். பயோமெட்ரா என்பார்கள், கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வருவது, தாமதித்தால் உயிர் போகும். பிழைத்துவிட்டாள், தையல் ஆறிவிட்டது, அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்திருக்கிறார்கள். முடி கொட்ட ஆரம்பித்தது அதற்கு ஆறு வாரம் கழித்து என்பதால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. வயிற்றில் நான் பார்த்த அந்தக் குட்டை முடி, அறுவைக்காக மழித்த இடம்.

மருத்துவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஒவ்வொரு முடிக்கும் வளர்நிலை உண்டு, ஓய்வுநிலை உண்டு, ஓய்வு முடிந்தபின் விழுந்து புதியது வரும். சாதாரணமாக எல்லா முடியும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகாது, ஆளுக்கொரு நேரம், அதனால் விழுவது தெரியாது. உடம்பு கடுமையான காய்ச்சலையோ பெரிய அறுவையையோ பிரசவத்தையோ தாங்கும்போது ஏராளமான முடி வளர்வதை நிறுத்திவிட்டு ஒன்றாக ஓய்வுக்குப் போய்விடும். அப்போது ஒன்றும் தெரியாது, முடி அப்படியே தோலில் நிற்கும். ஒன்றிலிருந்து மூன்று மாதம் கழித்து, புதிய முடி கீழிருந்து தள்ள ஆரம்பிக்கும்போதுதான் எல்லாம் சேர்ந்து விழும். டெலோஜென் எஃப்ளூவியம் என்று பெயர் சொன்னார். பிரசவம் ஆன சில மாதத்தில் பெண்களுக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுமே, அதேதான் என்றதும் பாட்டிக்குக் கூட வீட்டுக்கு வந்து சொன்னபோது உடனே புரிந்துவிட்டது.

ஆனால் அதோடு அவர் நிறுத்தவில்லை, அந்த நிதானம் எனக்குப் பிடித்தது. சில முடிகளைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் வேரைப் பார்த்தார். பெரும்பாலும் நிறமில்லாமல் ஈட்டி முனை மாதிரி இருந்தன, அது ஓய்வுநிலை வேர். அடர்ந்த இரட்டை முடி நாய்களில் ஓய்வுநிலை முடி அதிகம் இருப்பது சகஜம், இதை மட்டும் வைத்து முடிவு சொல்லமுடியாது என்றும் சேர்த்துச் சொன்னார். வாலடி முடியின் நுனி உடைந்திருந்தது, அதாவது அங்கே தானாக விழவில்லை, அவள் கடித்தது. தோலைச் சுரண்டிப் பார்த்ததில் சொறிப்பூச்சி இல்லை. ஒட்டும் டேப்பில் எடுத்துப் பார்த்ததில் கிருமியோ ஈஸ்ட்டோ குறிப்பிடும்படி இல்லை. நடுவயது நாய் என்பதால் தைராய்டுக்கு ரத்தமும் எடுத்தார், டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு சரியாக இருந்தது.

தைராய்டு இல்லை என்பதற்கு ரத்த முடிவு வரும் முன்பே அவர் காட்டிய ஒரு அடையாளம் எனக்குப் புதிது. தைராய்டு குறைந்த நாய்க்கு மழித்த இடத்தில் முடி திரும்ப வருவது பல சமயம் தடைப்படும். இவளுக்கு வயிற்றில் ஒரே சீராக அரை விரல்கடை முடி வந்திருந்தது, மயிர்க்கால் உயிரோடு வேலை செய்கிறது. எடை கூடவில்லை, சோம்பல் இல்லை, அதிகமாகத் தண்ணீர் குடிப்பதோ வயிறு தொங்குவதோ இல்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கை விழவும் இல்லை. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால் வேறு ஹார்மோன் பரிசோதனைகளுக்குப் போயிருப்பேன் என்றார்.

ஆக மூன்று விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. நோயும் அறுவையும் கொண்டுவந்த மொத்த உதிர்வு. வாலடியில் தெள்ளு. அப்புறம், சரி செய்கிறோம் என்று நாமே செய்தது, ஷாம்பூவால் வறண்ட தோலும் தகட்டால் அறுந்த மேல்முடியும். முதலாவதுக்கு மருந்து கிடையாது, காத்திருப்பதுதான். இரண்டாவதுக்கு நாய்க்கு மாதம் ஒரு மாத்திரை, பூனைக்குப் பூனைக்கான சொட்டு மருந்து, குறைந்தது மூன்று மாதம். மூன்றாவதை நிறுத்தினால் போதும். எண்ணெய் வேண்டுமானால் எடைக்கு ஏற்ற அளவு எழுதித் தருகிறேன், பலன் தெரிய இரண்டு மாதமாவது ஆகும் என்றார். இப்போது வேண்டாம், முதலில் ஒன்றும் சேர்க்காமல் பார்க்கலாம் என்று வீட்டாரே சொன்னார்கள்.

முதல் குளியலும் முதல் பயமும்

இரண்டாவது வாரம் நான் போய்க் குளிப்பாட்டினேன். குளிப்பாட்டும் முன்பே சீவிவிடவேண்டும், சிக்கு இருக்கும்போது நனைத்தால் அது இறுகிவிடும். ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோலில் ஒரு கோடு தெரியும்படி வகிடு எடுத்து, அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சீவி, அடுத்த வகிடு, இப்படி அடுக்கடுக்காக. மேலோட்டமாகச் சீவினால் அடிமுடி அப்படியே இருக்கும், நமக்குச் சீவிவிட்ட திருப்தி மட்டும் கிடைக்கும். மெல்லிய கம்பிகள் நெருக்கமாகப் பதித்த ஸ்லிக்கர் பிரஷ்ஷின் கம்பி நுனி தோலை உரசி எரிச்சல் உண்டாக்கும், அதனால் எவ்வளவு அழுத்தலாம் என்பதை மனைவியின் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு தடவை இழுத்துக் காட்டினேன். அங்கே எரிந்தால் நாய்க்கும் எரியும்.

வெதுவெதுப்பான தண்ணீர், நாய்களுக்கான மென்மையான ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, வழியும் தண்ணீர் தெளியும் வரை அலசினேன். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ட்ரையரில் சூட்டைக் குறைத்து வைத்து, சத்தத்துக்குப் பயப்படாமல் இருக்கப் பின்னங்காலிலிருந்து ஆரம்பித்து, அடிமுடி வரை காயவைத்தேன். அடிமுடி ஈரமாகவே இருந்தால் தோலில் புண் வைக்கக்கூடும்.

ட்ரையர் காற்றில் முடி பறந்ததைப் பார்த்து மனைவி பயந்துவிட்டார். அந்த வாரம் எடையும் கூடியது. முதல் வாரம் 68 கிராம், இரண்டாவது வாரம் 81. "அண்ணா, அதிகமாயிடுச்சே" என்று போன். விழ இருந்தது முன்கூட்டியே வந்துவிட்டது, அவ்வளவுதான், ஆனால் இதைக் குளிப்பாட்டும் முன்பே சொல்லியிருந்தால் அந்த வீட்டில் ஒரு இரவு தூக்கம் கெட்டிருக்காது.

வீட்டுக்குள் சில ஏற்பாடுகள் செய்தோம். பாட்டியின் அறைக்கு நாய் போகக்கூடாது, கதவு எப்போதும் சாத்தியிருக்கும். சீவுவது வாசலுக்கு வெளியே மட்டும். சோபாவில் நாய் படுக்கும் இடத்தில் தனி விரிப்பு, வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது, அதில் தெள்ளின் முட்டையும் புழுவும் சாகும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் முடி பறந்து வேறு இடத்தில் உட்காரும், அதற்குப் பதில் வேக்குவம், அப்புறம் ஈரத்துணி. சோபா துணியில் ஒட்டியதை எடுக்க ரப்பர் கையுறையை லேசாக நனைத்துத் தடவினால் உருண்டு வந்துவிடும். இந்தக் கையுறை விஷயத்துக்குத்தான் வீட்டில் எனக்கு அதிகப் பாராட்டு கிடைத்தது.

மூன்றாவது வாரம் மகள் நாயின் மேல் ஒரு தெள்ளைக் கண்ணாலேயே பார்த்துவிட்டாள், மருந்து வேலை செய்யவில்லை என்று ஒரு பேச்சு எழுந்தது. நாயின் மேல் இருக்கும் பூச்சிகள் மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான். முட்டை, புழு, கூடு எல்லாம் தரை இடுக்கிலும் விரிப்பிலும் இருக்கும், கூட்டுக்குள் இருப்பது வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருந்து வெளியே வரும். வேக்குவம் அதிர்வுக்கே சில வெளிவரும், அது நல்லதுதான், வந்தால்தான் மருந்து சாப்பிட்ட நாயைக் கடித்துச் சாகும். மருத்துவரும் இதையே சொல்லி, தொடரச் சொன்னார்.

ஐந்தாவது வாரம், பின்னடைவு

விருந்தாளிகள் வருகிறார்கள் என்று, முந்தின இரவு கணவர் பழைய தகட்டை எடுத்து இடுப்புப் பக்கம் நாற்பது நிமிடம் இழுத்திருக்கிறார். மறுநாள் மாலை இடது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து, ஈரம் கசிந்து, அவள் விடாமல் நக்கிக்கொண்டிருந்தாள். ஹாட் ஸ்பாட் என்பது இதைத்தான். மருத்துவர் அந்த இடத்தைச் சுற்றி மட்டும் முடியை வெட்டி, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் சுத்தம் செய்து, கழுத்தில் கூம்பு மாட்டி, களிம்பு கொடுத்தார். பத்து நாளில் ஆறியது. முடியை வெட்டவே கூடாது என்று நான் சொன்னதற்கும் இதற்கும் முரண் இல்லை, கசியும் புண்ணுக்குக் காற்று பட வெட்டித்தான் ஆகவேண்டும்.

கணவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆறு வாரம் தினமும் அரை மணி நேரம் அந்த நாய்க்காக உட்கார்ந்தவர் அவர். முதல் நாள் நான் போனபோது அவர் வேலைக்குப் போயிருந்தார், அந்தக் கருவி ஏன் வேண்டாம் என்பதை நான் மனைவியிடம்தான் சொன்னேன். அவருக்குக் கிடைத்தது "அண்ணா வேண்டாம்னு சொன்னார்" என்ற ஒரு வரி. மருத்துவமனைக்கு வந்தபோதும் பேச்சு நோயைப் பற்றிப் போய்விட்டது. பின்னர் அவரை உட்காரவைத்து, அறுந்த மேல்முடியின் நுனியையும் தானாக விழுந்த முடியின் வேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கருவியை அன்றே என்னிடம் கொடுத்துவிட்டார்.

எட்டாவது வாரத்திலிருந்து

எடைக் கணக்கு நான்காவது வாரம் 70 கிராம், ஆறாவது 52, எட்டாவது 34. எட்டாவது வாரம் வகிடு எடுத்துப் பார்த்தபோது தோலையொட்டிப் புதிய முடி புல் மாதிரி ஒரே சீராக நின்றது. வாலடியில் சிவப்பு போய், நக்குவதும் நின்றிருந்தது. குளியலை ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆக்கியதில் பொடுகு கிட்டத்தட்ட இல்லை.

பன்னிரண்டாவது வாரம் 17 கிராம். பதினாறாவது வாரம் 15. அதற்குக் கீழே போகவில்லை, போகவும் போகாது, ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இதுதான் இயல்பு என்று பாட்டியிடம் சொன்னேன். "பதினஞ்சு பரவாயில்லை" என்றார். நோட்டில் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. மேல்முடி அறுந்த இடங்களில் மட்டும் இன்னும் மேடுபள்ளம் தெரிகிறது, மேல்முடி முழு நீளத்துக்கு வர இன்னும் சில மாதம் ஆகும். கருப்பையோடு சினைப்பையும் போனதால் முடியின் தன்மை கொஞ்சம் மாறலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், அதையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

புது வீட்டுக்குப் போனால் உணவையும் ஷாம்பூவையும் கேட்கும் முன், கடந்த நான்கு மாதத்தில் காய்ச்சல், அறுவை, பிரசவம், மயக்க மருந்து ஏதாவது உண்டா என்று கேட்கிறேன். வயிற்றில் அந்தக் குட்டை முடியைக் கையால் தடவிவிட்டுத் தாண்டிப் போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இந்த நாய்க்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை, மருத்துவர் மூன்றாம் நாளே கேட்டுவிட்டார். மருத்துவரிடம் போகமாட்டேன் என்று சொல்லும் வீடாக இருந்திருந்தால்?

தெள்ளு மருந்தும் உணவை மாற்றியதும் ஷாம்பூவை நிறுத்தியதும் ஒரே வாரத்தில் நடந்தன. வேறு வழி இல்லை, தெள்ளோடு ஒரு நாயைக் காத்திருக்கச் சொல்லமுடியாது. ஆனால் அதனால் 81-லிருந்து 17-க்கு வந்ததில் எது எவ்வளவு செய்தது என்று என்னால் சொல்லமுடியாது. பெரும்பங்கு காலம் செய்தது என்று நினைக்கிறேன். இதே நாய் அந்த மாத்திரையும் எண்ணெயும் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருந்தாலும் முடி கொட்டுவது ஏறக்குறைய இதே நேரத்தில் நின்றிருக்கும், எல்லோரும் எண்ணெயைப் புகழ்ந்திருப்பார்கள்.

முதல் நாளே படம் எடுத்து வைக்கவில்லை. எடை எழுதினோம், ஆனால் முதுகும் வாலடியும் அன்று எப்படி இருந்தன என்பதற்கு என் நினைவு மட்டும்தான் சாட்சி. இப்போது ஒவ்வொரு வீட்டிலும் முதுகு, இரண்டு பக்கம், வாலடி, வயிறு என்று ஐந்து படம், ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுக்கிறேன்.

அப்புறம், வீட்டில் நாயைத் தொடும் எல்லோரும் இருக்கும் நேரத்தில்தான் முதல் பேச்சு. அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் போகிறேன். பிரஷ்ஷை யார் பிடிப்பார்களோ அவர் கையில் கொடுத்து, அவர் சீவ, நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.